மொந்தெகார்வோவுக்கு ஓர் எசப்பாட்டு

கொடி வண்டியின் மணி திடீரென்று அலறியது.

மதிய நேரம். முகாமில் பாதிப் பேர் கையில் தினைக் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. ஊர்க்கொடியைச் சுமந்து படையோடு வரும் அந்த வண்டியின் மணி அடித்தால் ஆயுதத்தை எடுக்க வேண்டும் என்று எங்கள் ஊர் ரிவாமோராவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கிண்ணங்கள் பறந்தன. என் தலைக்கவசத்தை எவனோ எடுத்து மாட்டிக்கொண்டான். நான் வேறு எவனுடையதையோ மாட்டிக்கொண்டு ஓடினேன். அது மூக்கு வரை இறங்கியது.

கவசத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தால், எதிரே மலைமேல் நாங்கள் முற்றுகையிட்டிருந்த மொந்தெகார்வோ கோட்டையின் சின்னக் கதவு திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு கோவேறு கழுதை அசைந்து அசைந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன்மேல் கௌதென்சோ சாமி. கையில் ஒரு கழி, கழியின் நுனியில் ஒரு வெள்ளைத் துணி. அது அவருடைய உள்ளாடை என்பது கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது.

"மணியை நிறுத்துங்கப்பா, கழுதை மிரளுது" என்று தூரத்திலிருந்தே கத்தினார் சாமி. "சமாதானம் வருது. சண்டை இல்ல."

ஊரெல்லாம் சுற்றி, சண்டை போடுகிறவர்களைச் சேர்த்து வைக்கிற வெறுங்கால் சாமியார்களில் அவர் ஒருவர். மூன்று நாளாகக் கோட்டைக்கும் முகாமுக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தளபதி லாந்தெல்மோ வந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. ஜெனோவாவில் பெரிய குடும்பம், அதனால் மரியாதையாக 'மெஸ்ஸேர்' என்று கூப்பிடுவோம். எங்கள் ஊரில் ஒருவனை ஒருவன் நம்ப மாட்டான். அதனால் ஒவ்வொரு வருடமும் வெளியூரிலிருந்து ஒருவரைத் தலைவராகக் கொண்டுவந்து, நீதியையும் படையையும் அவர் கையில் கொடுப்போம். வரும்போதே சத்தியம் வாங்கிவிடுவோம்: மனைவியை அழைத்து வரக்கூடாது, ஊரில் எவர் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. ஒரு வருடம் தனியாகச் சாப்பிடுகிற மனிதன் வேறு என்ன செய்வான்? லாந்தெல்மோ பாட்டு எழுதினார்.

நன்றாகவே எழுதினார். மலைக்கு அந்தப் பக்கத்துப் புரோவென்சு மொழியில், கனவான்கள் எல்லாரும் எழுதுகிற மாதிரி. எங்களுக்கு அந்த மொழி பாதிதான் புரியும். ஆனால் வசவு எந்த மொழியிலும் புரிந்துவிடும். கோட்டைக்காரரான கோமகன் அன்சால்தோவை வைத்து அவர் கட்டிய பாட்டு, எங்கள் வாயில் புகுந்து புறப்பட்டபோது இப்படி ஆகியிருந்தது:

கோட்டைக்குள்ளே வீரன் யாரு? கதவு தானடா,
கூட நிற்கும் தோழன் யாரு? பூட்டு தானடா,
கோமகனைக் கேட்டால் அடுப்படியில் தானடா,
கொழுத்த பூனையோடு பங்கு பாதி மீனடா.

துணி துவைக்கிற பெண்கள் பாடினார்கள். மாடு ஓட்டுகிறவர்கள் பாடினார்கள். சந்தைக்குப் போன வியாபாரிகள் வழியாக அது கடற்கரை வரைக்கும் போயிருந்தது.

"சொல்லுங்க சாமி" என்றார் லாந்தெல்மோ.

கௌதென்சோ சாமி கழுதையிலிருந்து இறங்கி, கழியிலிருந்து துணியை அவிழ்த்து மடித்து அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார். பாலத்துல இனிமே சுங்கம் கிடையாது. கோட்டைச் சாவி உங்க கையில. உங்க ஆளுங்க பத்தொன்பது பேரையும் விட்டுடறார். பதிலுக்கு, அவரும் அவர் வீட்டம்மாவும் பிள்ளைங்களும் ஆயுதம் இல்லாம உங்க படை நடுவுல நடந்து போகணும். எவனும் கை வைக்கக்கூடாது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ரொட்டி அடுப்புக்காரி ரிகெல்தா முன்னால் வந்து சாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் தெபால்தோ அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவன். கோடையில் ஆற்றைக் கடக்கும்போது முன்படையாகப் போய் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அன்றிலிருந்து அவள் முகாமோடு இருந்தாள். எங்களுக்குக் கஷ்கொட்டை மாவில் ரொட்டி சுட்டுப் போட்டாள். தளபதிக்கும் தினம் ஒரு ரொட்டி. கையில் கொடுத்தால் சத்தியம் கெட்டுவிடுமே என்று, கொடி வண்டியின் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவரும் யாரோ தவறவிட்ட ரொட்டி மாதிரி எடுத்துச் சாப்பிடுவார்.

"என் வீட்டுக்காரரு எப்படி இருக்காரு சாமி?"

"இளைச்சிருக்கார். ஆனா சத்தமாத்தான் பேசறார்."

"காது மந்தம். அவரு எப்பவும் அப்படித்தான்" என்று அழுதுகொண்டே சிரித்தாள் ரிகெல்தா.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி" என்றார் சாமி.

ரிகெல்தா பிடித்திருந்த கையை விட்டாள்.

"அந்தப் பாட்டு. அது இருக்கறவரைக்கும் கதவைத் திறக்க மாட்டேங்கறார். வெளியே வந்தா, பூனை வருது பூனை வருதுன்னு பிள்ளைங்க பின்னாடியே வருமாம். பதில் பாட்டு வேணும்கறார். அதே மெட்டு, அதே முடிப்பு, முறைப்படி எசப்பாட்டு."

லாந்தெல்மோ தோளைக் குலுக்கினார். "தாராளமாப் பாடட்டும். நான் தடுத்தேனா?"

"அவருக்குப் பாட்டு கட்ட வராது. அவர்கிட்ட இருந்த பாடகன் காய்ச்சல்ல செத்துட்டான். அதனால..." சாமி தொண்டையைச் செருமினார். "நீங்களே எழுதணுமாம். அவர் சார்பா. உங்களைத் திட்டி."

எங்கோ பின்னால் ஒருவன் குபீரென்று சிரித்தான். அவனைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தோம். தளபதி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் எழுதினதுல அதுதான் உருப்படி, சாமி" என்றார் மெதுவாக. "சண்டை போடறவன் ஆயிரம் பேர் இருக்கான். நான் செத்தப்புறம் என் பேர் சொல்லப் போறது அந்தப் பாட்டுதான். அதை என் கையாலயே அடிச்சுப் போடச் சொல்றார்."

"எழுதலேன்னா?" என்று கேட்டாள் ரிகெல்தா.

பதில் எல்லாருக்கும் தெரியும். இன்னும் சில நாளில் வரும் புனித மார்த்தீன் திருநாளோடு லாந்தெல்மோவின் வருடம் முடிகிறது. புதிய தலைவர் கல்லெறி எந்திரத்தோடு புறப்பட்டுவிட்டார் என்று செய்தி வந்திருந்தது. அவர் பேசிப் பார்க்கிற ஆள் இல்லை, வந்ததும் அடிப்பார். கைதிகளை வைத்திருக்கும் அறை வெளிமதிலை ஒட்டி இருந்தது. முதல் கல் அங்கேதான் விழும்.

லாந்தெல்மோ ரிகெல்தாவைப் பார்த்தார். பிறகு தன் பாடகன் கிரில்லோவைக் கூப்பிட்டார். கிரில்லோ என்றால் சில்வண்டு. ஒல்லியான உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய குரல். கனவான்கள் தாங்கள் எழுதியதைத் தாங்களே சபையில் பாட மாட்டார்கள். அதற்கென்று இப்படி ஓர் ஆள் வைத்துக்கொள்வார்கள்.

"மையை எடு. என்னைத் திட்டணுமாம். விஷயம் வேணும்."

"விஷயத்துக்கா பஞ்சம்?" என்றான் கொல்லன் புருனாச்சோ. "நான் சொல்றேன் மெஸ்ஸேர். மொதல்ல உங்க மூக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அது கூடாரத்துக்குள்ள வந்துடுது."

"எழுதிக்கோ" என்றார் தளபதி.

அவ்வளவுதான், முகாம் முழுக்க வரிசை கட்டிவிட்டது.

"ஜெனோவாக்காரர் மெழுகுவத்தியை ஊதி அணைச்சுட்டுத்தான் கண்ணை மூடி யோசிப்பாராம். எரிஞ்சா செலவுதானே."

"குதிரை மேல ஏறும்போது குதிரை பெருமூச்சு விடுது, அதையும் போடுங்க."

"குளிக்கும்போது பாடறாரே, அது? ஆத்துல மீன் எல்லாம் அக்கரைக்குப் போயிடுச்சு."

"கடல்ல வேணா வீரரா இருக்கலாம் மெஸ்ஸேர். மலை ஏறும்போது நாலு கால்ல ஏறறீங்க."

புருனாச்சோவுக்கு மட்டும் விஷயம் தீரவே இல்லை. அவனுக்குத் தளபதி மேல் பழைய கோபம். ஆற்றங்கரையில் அந்தப் பத்தொன்பது பேரும் மாட்டிக்கொண்ட அன்று, தளபதியின் குதிரைக்கு லாடம் கழன்றதால்தான் அவர் பின்தங்கிவிட்டார் என்று பேச்சு. லாடம் அடித்தது புருனாச்சோ. கோடை முழுவதும் அவனைக் கண்டால் பெண்கள் தரையில் துப்பினார்கள். ரிகெல்தா அவனுக்கு மட்டும் கருகிய ரொட்டியாகப் பார்த்துக் கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் பாட்டு தயாராகிவிட்டது. கோட்டைச் சுவருக்குக் கீழே ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று கிரில்லோ பாடினான். மொழி புரோவென்சுதான், ஆனால் நாங்களே எடுத்துக்கொடுத்த வசவு என்பதால் எல்லாருக்கும் புரிந்தது. மூக்கு வந்தது, மெழுகுவத்தி வந்தது, பெருமூச்சு விடும் குதிரை வந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மதில்மேல் நின்ற வில்லாளிகளும் சிரித்தார்கள். லாந்தெல்மோகூட முடிவில் லேசாகச் சிரித்தார். தன் பாட்டுக்குத் தானே எசப்பாட்டு எழுதி வென்றுவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

சாமி மேலே போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். கதவு திறக்கவில்லை.

"சிரிச்சாரா?" என்று கேட்டார் லாந்தெல்மோ.

"நல்லாச் சிரிச்சார். வீட்டம்மா மூக்கு வந்த இடத்தை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"இது அவரைத் திட்டினதே இல்லன்னுட்டார். 'மூக்கு இருக்கறது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க. அதுதான் எசப்பாட்டு'ன்னார்."

நான் அப்போது தளபதிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். நேராகக் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் சக்கரத்தின்மேல் ரொட்டி இல்லை. ரிகெல்தா கூடார வாசலில் நின்றிருந்தாள்.

"மெஸ்ஸேர், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன? அப்படி ஒண்ணு இருக்கா, இல்லையா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. நான் மலை ஏறிப்போய் அவர் கால்ல விழறேன்."

லாந்தெல்மோ வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இருக்கு" என்றார். "மத்தியானத்துக்குள்ள பாட்டு வரும். போய் அடுப்பைப் பாரும்மா."

அதன்பின் கூடாரத்துக்குள் நடந்ததை எனக்குச் சொன்னவன் கிரில்லோ.

தளபதி தோல் துண்டில் நாலு வரி எழுதி நீட்டினாராம். கிரில்லோ படித்துவிட்டு அதைத் தரையில் போட்டுவிட்டானாம்.

"இதை நான் பாட மாட்டேன்."

"ஏன், மெட்டு இடிக்குதா?"

"மெட்டு இடிக்கல. கல்லு இடிக்கும். என் மண்டையில. மெஸ்ஸேர், அந்த மரத்தடியில இருந்தது நீங்களும் நானும்தான். கூப்பிட வந்த பையனும் அன்னைக்கே சண்டையில போயிட்டான். எவனுக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"கேட்டிருக்காரே."

"ஏதோ குருட்டாம்போக்குல கேட்டிருக்கார். வேற எதையாவது சொல்லுங்க. சின்ன வயசுல பொய் சொன்னேன், கோயில்ல தூங்கினேன், எதையாவது. வருஷம் முடிஞ்சதும் நீங்க ஊரை விட்டுப் போக முடியாது, ஞாபகம் இருக்கா? ரெண்டு வாரம் சந்தையில உட்காரணும். எவன் வேணாலும் வந்து உங்க மேல புகார் சொல்லலாம். இதைப் பாடிட்டு அங்க போய் உட்கார்ந்தா, சம்பளம் போகும், குதிரை போகும், உங்களைச் சிறையில வெச்சுட்டா எனக்குக் கஞ்சி ஊத்தக்கூட ஆள் இருக்காது."

"வேற எதைச் சொன்னாலும் பாட்டு வரல கிரில்லோ. ராத்திரி முழுக்கப் பார்த்துட்டேன். இது மட்டும்தான் வந்து உட்காருது."

"பாட்டு நல்லா வர்றதுக்காகவா தலையைக் குடுக்கறீங்க?"

லாந்தெல்மோ தரையில் கிடந்த தோல் துண்டைப் பார்த்தாராம். பிறகு, "அன்னைக்கும் அதுக்காகத்தான் குடுத்தேன். என் தலையை இல்ல, அவங்க தலையை" என்றாராம்.

கிரில்லோ தோல் துண்டை எடுத்துத் தூசி தட்டினானாம். மறுபடி படித்தானாம்.

"ஆனா சும்மா சொல்லக்கூடாது மெஸ்ஸேர். இது அந்தப் பூனைப் பாட்டைவிட நல்லா இருக்கு. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

"நீ பாட வேண்டாம். நான் பாடறேன்."

"நீங்களா? உங்க குரல்லயா?" என்று உண்மையாகவே திகைத்துப் போனானாம் கிரில்லோ. "அதையும் சேர்த்தா அவங்க தாங்கணும்?"

மத்தியானம் முகாம் முழுவதும் மதிலடியில் கூடியது. பீப்பாய்மேல் கிரில்லோ ஏறாமல் தளபதியே ஏறியதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கனவான் ஒருவர் பீப்பாய்மேல் ஏறிப் பாடுவதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

மேலே மதிலில் ஆட்கள் நகர்ந்தார்கள். கைதிகளை வெளியே கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். அவர்களும் கேட்க வேண்டும் என்று கோமகன் சொல்லியிருக்க வேண்டும். தாடியும் கந்தலுமாக யார் யார் என்று அடையாளமே தெரியவில்லை. ரிகெல்தாவுக்கு மட்டும் தெரிந்தது. கையை உயர்த்தி ஆட்டினாள். கடைசியில் நின்ற ஒரு தாடி கையை உயர்த்தி ஆட்டியது.

லாந்தெல்மோ பாடினார். குரல் கரகரவென்று, மெட்டு இரண்டு இடத்தில் வழுக்கியது. எவனும் சிரிக்கவில்லை.

கதவைப் பாடி வைத்த கவிஞன் எங்கே தானடா,
கரையில் அன்று மரத்தடியில் பார்த்தான் வானடா,
ஆற்றில் பத்தொன்பது பேர் வலையில் மீனடா,
அடி முடியக் காத்திருந்த தலைவன் நானடா.

இப்போது நான் சொல்வது எங்கள் பேச்சில். அவர் பாடியது புரோவென்சு மொழியில். முடிந்ததும் கூட்டம் விழித்தது. ஆறு என்கிற சொல் பிடிபட்டது, மீன் பிடிபட்டது. "என்னடா சொன்னாரு?" என்று ஒருவனை ஒருவன் கேட்டான். "மறுபடியும் மீனா?" என்றான் பின்னாலிருந்து எவனோ.

தளபதி அப்போதே இறங்கியிருக்கலாம். எசப்பாட்டு பாடியாகிவிட்டது. மேலே கோமகனுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

ரிகெல்தா பீப்பாய்க்குக் கிட்டே வந்தாள்.

"ஆத்தைப் பத்தி என்னமோ சொன்னீங்க. எனக்குப் பாதிதான் விளங்குச்சு. நம்ம பேச்சுல சொல்லுங்க மெஸ்ஸேர்."

கிரில்லோ பின்னாலிருந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"உன் புருஷன் ஆத்துல இறங்கினப்போ நான் கூட இருந்திருக்கணும்மா. பின்னாடியே வர்றேன்னு சொல்லித்தான் முன்படையை அனுப்பினேன். ஒரு பாட்டு பாதியில நின்னுச்சு. மரத்தடியில உட்கார்ந்துட்டேன். எதிரி இருக்கான், வாங்கன்னு ஒரு பையன் ஓடி வந்தான். இரு, ஒரு அடிதான் பாக்கின்னேன். அவன் மறுபடி வந்தான். அப்பவும் அதையேதான் சொன்னேன். நான் ஆத்துக்கு வந்து சேர்ந்தப்போ அங்க யாரும் இல்ல."

"அப்போ லாடம்?" என்றது ஒரு குரல். கொல்லன் புருனாச்சோ.

"லாடம் நல்லாத்தான் இருந்துச்சு புருனாச்சோ. நீ அடிச்ச லாடத்துல ஒரு குறையும் இல்ல. எவனோ லாடம்னு சொன்னான். நான் இல்லேன்னு சொல்லல. அவ்வளவுதான்."

புருனாச்சோ பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தி முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ரிகெல்தா அசையவில்லை.

"அந்தப் பாட்டு நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அன்னைக்கே எரிச்சுட்டேன்."

அவள் கை மாவு ஒட்டியபடியே இருந்தது. ஓங்கி ஒன்று விடப்போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். தளபதியும் அப்படித்தான் நினைத்திருப்பார். பீப்பாயிலிருந்து இறங்கி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் நின்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மதிலைக் காட்டினாள்.

"எனக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது. அவருக்குச் சொல்லுங்க. சத்தமா. காது மந்தம்னு சொன்னேன்ல."

லாந்தெல்மோ மறுபடி பீப்பாய்மேல் ஏறினார். இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு, மெட்டு இல்லாமல், முடிப்பு இல்லாமல், மீன்காரி பேசுகிற எங்கள் சந்தைப் பேச்சில் மதிலைப் பார்த்துக் கத்தினார்.

"தெபால்தோ. எல்லாரும் கேளுங்க. ஆத்துல உங்களை விட்டது நான்தான். பாட்டு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு என் மேல. ஊருக்கு வந்து, சந்தையில எல்லார் முன்னாடியும் என் மேல புகார் சொல்லுங்க. நான் ஓட மாட்டேன். அங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

மலையில் எதிரொலி அடங்க நேரம் ஆயிற்று. எங்கள் கூட்டத்தில் இரண்டொருவர் கல்லைக் குனிந்து எடுத்திருந்தார்கள். எறியவில்லை, கீழே போடவும் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். என் கையிலும் ஒன்று இருந்தது. ஆற்றில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் என் அண்ணன்.

மேலே கடைசியில் நின்ற தாடி ஏதோ கத்தியது. காற்றில் பாதிதான் வந்தது. ரிகெல்தா காதில் கை வைத்துக் கேட்டாள்.

"என்னங்கறாரு?" என்று கேட்டேன்.

"ரொட்டி இருக்கான்னு கேக்கறாரு" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் சங்கிலி உருளும் சத்தம் கேட்டது. நாங்கள் மாதக்கணக்கில் முட்டி மோதியும் அசையாத பெரிய கதவு உள்ளேயிருந்து நகர்ந்தது. முதலில் வந்தது ஒரு நாய். பின்னால் எங்கள் ஆட்கள், ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி வந்தார்கள். எண்ணிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொருவனையும் ஒவ்வொருத்தி வந்து எடுத்துக்கொண்டாள். என் அண்ணன் என்னைப் பார்த்ததும், "இது யாரு கவசம்டா? உன் தலைக்கு அண்டா மாதிரி இருக்கு" என்றான். கல்லை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

தெபால்தோ வாய் நிறைய ரொட்டியோடு ரிகெல்தாவிடம் ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் தாடியைப் பிடித்து இழுத்து, "மெல்லப் பேசுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புருனாச்சோவின் கையில் ஒரு பெரிய ரொட்டி இருந்தது. கருகாதது.

பிறகு கோமகன் அன்சால்தோ வந்தார். இடுப்பில் வாள் இல்லை. ஒரு கையில் சாவிக்கொத்து, மறுகையில் சின்னப் பெண் குழந்தை. பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் இரண்டு பையன்கள். இருபுறமும் நாங்கள், கையில் ஈட்டியோடு. கோடை முழுவதும் பூனை என்று கூவிய அதே வாய்கள். ஒருவனும் கூவவில்லை.

நடுவில் லாந்தெல்மோ நின்றார். கோமகன் சாவிக்கொத்தை நீட்டினார். லாந்தெல்மோ வாங்கிக்கொண்டார். குரல் இன்னும் கரகரப்பாகவே இருந்தது.

"எசப்பாட்டு பிடிச்சுதா?"

"எனக்குப் பாட்டெல்லாம் அவ்வளவாத் தெரியாது மெஸ்ஸேர்" என்றார் அன்சால்தோ, குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே. "உங்களைக் கூப்பிட வந்த பையன் திரும்பிப்போய்ச் சொன்ன ஆத்தங்கரை விஷயத்தை, கைதியா இருந்த உங்க ஆளுங்க கோடையிலேயே என்கிட்ட சொல்லிட்டாங்க. அதை உங்க வாயால நீங்களே சொல்ற ஆளா இருந்தாத்தான், உங்க வார்த்தையை நம்பி என் பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டு வர முடியும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."